உள்ளே ஓடும் தமிழைப் பிடித்தால் எஸ்எஸ்சி ஆங்கிலத்தில் பிழை பிடிபடும்

‘வி டிஸ்கஸ்டு அபவுட் தி மேட்டர்.’ வாக்கியத்தில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியில் இது வந்தால், நம்மில் பலருக்குத் தப்பாகவே தோன்றாது. ‘அந்த விஷயத்தைப் பற்றிப் பேசினோம்’ என்று மனசுக்குள் தமிழ் ஓடுகிறது. அந்தப் ‘பற்றி’ தான் ‘அபவுட்’ ஆகிவிடுகிறது. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள்ளேயே ‘பற்றி’ இருக்கிறது. ‘வி டிஸ்கஸ்டு தி மேட்டர்’, அவ்வளவுதான்.

எஸ்எஸ்சி எனப்படும் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் பட்டதாரிகளுக்கு நடத்தும் சிஜிஎல் தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தப்பான விடை ஒன்றுக்கு அரை மதிப்பெண் போகும். நான்கு தப்பு செய்தால் ஒரு சரியான விடை காலி. இரண்டாம் கட்டத்தில் கேள்விக்கு 3 மதிப்பெண், தப்புக்கு 1 கழியும், அதாவது மூன்று தப்புக்கே ஒன்று போய்விடும். ‘கேட்க நல்லா இருக்கு’ என்று குத்துமதிப்பாக டிக் அடிப்பது இங்கே கட்டுப்படியாகாது. எந்தத் தமிழ் உருபு நம்மை இழுக்கிறது என்று பார்த்தால் பிழை இருக்கும் இடம் தெரியும்.

‘அவளோடு கல்யாணம்’ என்பதால் ‘மேரீடு வித் ஹெர்’ என்கிறோம். ‘மேரீடு ஹெர்’ போதும். ‘ரிசெம்பிள்’ பின்னால் ‘டு’ வராது, ‘ரீச்’ பின்னாலும் வராது. ‘என்டர் தி ரூம்’ என்றால் ‘இன்டு’ வேண்டாம், ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது மட்டும் ‘என்டர் இன்டு’ சரி. இதில் கேள்வி எடுப்பவர்கள் விரும்பி வைக்கும் பொறி ஒன்று உண்டு. வினையாக வரும்போது வேண்டாத முன்னிடைச்சொல் (‘அபவுட்’, ‘ஃபார்’, ‘ஆன்’ போன்றவை), அதே சொல் பெயராக வரும்போது தேவைப்படும். ‘ரிக்வெஸ்டட் ஃபார் லீவ்’ தப்பு, ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’ சரி. ‘எம்ஃபசைஸ் ஆன்’ தப்பு, ‘எம்ஃபசிஸ் ஆன்’ சரி. அதனால் சொல்லைப் பார்த்த உடனே முடிவுக்கு வராமல், அது அங்கே வினையா பெயரா என்று பாருங்கள்.

‘சின்ஸ்’, ‘ஃபார்’ குழப்பத்துக்குத் தமிழே மருந்து. ‘2019லிருந்து’ என்று வந்தால் ‘சின்ஸ்’, ‘ஐந்து வருஷமாக’ என்று வந்தால் ‘ஃபார்’. ‘லிருந்து’வுக்குத் துணையாக ‘வரை’யும் இருந்தால், அல்லது ‘நாளையிலிருந்து’ என்று வருங்காலமாக இருந்தால், ‘ஃப்ரம்’. சிக்கல் வினையில்தான். ‘ஐந்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்று தமிழில் நிகழ்காலம் போதும் என்பதால் ‘ஐ ஆம் லிவிங்’ என்று எழுதிவிடுகிறோம். ‘ஐ ஹேவ் பீன் லிவிங்’ என்பதே சரி. ‘சின்ஸ்’ சரியாக இருக்கிறதே என்று திருப்தியாகி, வினை இருக்கும் பகுதியைப் பார்க்காமல் விடுபவர்கள்தான் அதிகம்.

‘விட’ என்ற உருபும் அப்படித்தான். ‘என்னைவிட சீனியர்’ என்று சொல்லிப் பழகியதால் ‘சீனியர் தேன் மீ’ வந்துவிடுகிறது. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர் ஆகியவற்றுக்கும் ‘ப்ரிஃபர்’க்கும் ‘டு’ தான். ‘சுப்பீரியர்’ முன்னால் ‘மோர்’ போட்டிருந்தால் அதுவும் பிழை.

‘அவன் வராத வரைக்கும் போகாதே.’ தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலத்தில் ‘அன்டில் ஹி டஸ் நாட் கம்’ என்று ‘நாட்’ சேர்த்தால் போச்சு. ‘அன்டில் ஹி கம்ஸ்’ தான் சரி, ‘அன்டில் ஹி வில் கம்’ என்பதும் தப்பு. ‘மழை பெய்தால்’ என்பதில் காலமே தெரியாததால் ‘இஃப் இட் வில் ரெயின்’ என்று நாமாக ‘வில்’ சேர்ப்பதும் இதே ரகம்.

எழுவாய்க்கு ஏற்ற வினை எது என்பதில் ‘உம்’, ‘ஓடு’ இரண்டையும் நம்பலாம். ‘ஆசிரியரும் மாணவர்களும்’ என்றால் ‘அண்ட்’, வினை பன்மை. ‘மாணவர்களோடு ஆசிரியர் வந்தார்’ என்றால் வந்தது ஆசிரியர்தான், ஒருமை. ‘அலாங் வித்’, ‘டுகெதர் வித்’, ‘அஸ் வெல் அஸ்’ மூன்றையும் ‘ஓடு’ என்றே படியுங்கள். ‘தி டீச்சர் அலாங் வித் தி ஸ்டூடன்ட்ஸ் ஹேஸ் கம்.’ பக்கத்தில் பன்மை நிற்பதைப் பார்த்து ‘ஹேவ்’ போட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், இன்ஃபர்மேஷன், அட்வைஸ், சீனரி: இவற்றுக்கு ‘ஸ்’ கிடையாது. இதற்குத் தமிழ் உதவாது, மனப்பாடம்தான். ‘கசின் பிரதர்’ என்று ஆபீசில் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், தேர்வில் ‘பிரதர்’ அதிகப்படி.

‘எ’யா ‘ஆன்’னா என்ற கேள்விக்குச் சொல்லைத் தமிழில் எழுதிப் பார்ப்பது நல்ல குறுக்குவழி. உயிரெழுத்தில் தொடங்கினால் ‘ஆன்’, இல்லாவிட்டால் ‘எ’. யுனிவர்சிட்டி, யூரோப்பியன் இரண்டும் ‘ய’கர வரிசை, அதனால் ‘எ’. எம்.எல்.ஏ., எக்ஸ்ரே என்றால் ‘ஆன்’. ஆனால் நம் வாய்ப்பழக்கம் இரண்டு இடத்தில் ஏமாற்றும். மணியைக் குறிக்கும் சொல்லை ‘ஹவர்’ என்று எழுதுபவர்கள் உண்டு, உச்சரிப்பு ‘அவர்’, எனவே ‘ஆன்’. ‘ஒன்’ என்று எழுதுவது உண்மையில் ‘வன்’ என்று ஒலிப்பது, அதனால் ‘எ ஒன்-ருபி காயின்’ தான் சரி.