தெரிஞ்ச விலை

"அப்போ இதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் போனதெல்லாம்?" என்று கேட்டார் பெரியவர். குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் சூடாக ஏதாவது சொல்லிவிட்டு அன்றைக்கே மறந்திருப்பேன்.

அவரிடமும் மற்றவர்களிடமும் பழைய பேனா, லென்ஸ் வாங்கி இணையத்தில் விற்பவன் நான். அன்று அவர் நீட்டியது ஒரு கேனன் 7. 1961இல் வந்த ஃபிலிம் கேமரா. "மீட்டர் வேலை செய்யல, பாடியும் அடி வாங்கியிருக்கு. பார்த்து ஏதாவது குடுங்க" என்றார். மீட்டர் போனதில் ஆச்சரியம் இல்லை. பேட்டரி இல்லாமல் வெளிச்சத்தை அளக்கும் செலினியம் மீட்டர் அது, வயதானால் அப்படித்தான். ஆனால் முன்னால் மாட்டியிருந்தது 50 எம்எம் எஃப் 0.95 லென்ஸ், மங்கிய வெளிச்சத்திலும் படமெடுக்கிற அளவுக்கு அகலமாகத் திறப்பது. அந்தக் கேமராவுக்கென்றே செய்தது. அதைத் தேடுகிறவர்கள் பாடி ஓடுகிறதா என்றுகூடக் கேட்க மாட்டார்கள்.

"சார், இது பார்த்துக் குடுக்கிற பொருள் இல்ல" என்றேன். இணையத்தில் விற்று முடிந்த விலைகளைப் போனில் எடுத்துக் காட்டினேன். பின்பக்கக் கண்ணாடியில் டார்ச் அடித்து, உள்ளே புகை மாதிரி ஒரு மங்கல் படிந்திருப்பதைக் காட்டி, அதற்காகக் கொஞ்சம் குறையும் என்றேன். நானே விற்றுத் தருகிறேன், கமிஷன் மட்டும் போதும் என்றும் சொன்னேன். அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகுதான் அந்தக் கேள்வி.

"அதெல்லாம் நீங்க கேட்ட விலைக்குத்தானே சார் வாங்கினேன்."

"நான் கேட்டது எனக்குத் தெரிஞ்ச விலை, தம்பி."

இதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அவரிடம் நான் பேரம் பேசியதே கிடையாது. வாங்கிப்போன பேனாக்களிலும் லென்ஸ்களிலும் சில, வாங்கியதைப் போலப் பல மடங்கு விலைக்குப் போயின, உண்மைதான். மீதி இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. ஒரு லென்ஸை வாங்கியவர் உள்ளே ஃபங்கஸ், அதாவது பூஞ்சை, என்று திருப்பி அனுப்பினார். போக வர பார்சல் செலவு என் தலையில். லாபத்தில் பங்கு கேட்கிறவர் இந்தக் கணக்கையும் கேட்க வேண்டாமா? (அவர் பங்கு கேட்கவே இல்லை என்பதை இந்த வரியை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.)

இன்னொன்றும் உண்டு. டிஜிட்டல் வந்த பிறகு இந்த மாதிரிப் பழைய லென்ஸ்களைச் சீண்ட ஆளில்லாமல் இருந்தது. 2008இல் மிரர்லெஸ் கேமரா வந்தது. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி இல்லாததால் சென்சாருக்கும் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் இடையே தூரம் குறைந்தது. நடுவே ஒரு அடாப்டரைப் போட்டு எந்தக் காலத்து லென்ஸையும் மாட்டலாம் என்றானது. 2013இல் ஃபிலிம் அளவுக்குப் பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாரோடு சோனி ஏ7 வந்த பிறகு கேட்கவே வேண்டாம். அவர் பீரோவில் தூங்கிய லென்ஸுக்கு விலை ஏறியது இப்படித்தான். அதில் அவர் உழைப்பு ஏதும் இல்லை. என் உழைப்பும் இல்லை, ஆனால் நான் கவனித்துக்கொண்டிருந்தேன். கவனித்ததற்குக் கூலி உண்டா என்றால், உண்டு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எவ்வளவு என்பதில்தான் தடுமாறுகிறேன்.

ஏனென்றால் விற்கும்போது நான் வேறு ஆள். லிஸ்டிங்கில், அதாவது தளத்தில் போடும் விற்பனை விவரத்தில், ஒரு கீறல் விடாமல் எழுதுவேன். ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் பிளேடில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதற்குத் தனியாக ஒரு படம். எழுதாமல் விட்டால் 'விவரித்தபடி இல்லை' என்று ரிட்டர்ன் வரும், தளத்தில் என் மதிப்பெண் குறையும். வாங்கும்போது எனக்குத் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை, சொல்லாவிட்டால் எந்த மதிப்பெண்ணும் குறையாது. அப்படியென்றால் லிஸ்டிங்கில் நான் காட்டும் நேர்மை என்னுடையதா, அந்தத் தளத்தின் விதியுடையதா?

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1817இல் ஒரு வழக்கில் தீர்ப்பு வந்தது. லெய்ட்லா எதிர் ஆர்கன் என்று பெயர். 1815இல் நியூ ஆர்லியன்ஸில் ஆர்கன் என்ற வியாபாரிக்கு, பிரிட்டனுடனான போர் முடிந்த செய்தி மற்றவர்களுக்கு முன்பே கிடைத்துவிடுகிறது. விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் புகையிலை வாங்குகிறார். விலையைக் கூட்டும்படி ஏதாவது செய்தி உண்டா என்று விற்பவர் தரப்பில் கேட்கிறார்கள். இவர் மௌனம். செய்தி பரவியதும், ஏற்றுமதி மறுபடி தொடங்கும் என்பதால் விலை 30 முதல் 50 சதவீதம் ஏறுகிறது. வாங்குபவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல என்றார் தலைமை நீதிபதி மார்ஷல். அதோடு விட்டிருந்தால் எனக்கு நிம்மதி. ஆனால் ஒருவரை ஒருவர் ஏமாற்றும்படி எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது என்றும் சேர்த்து, வழக்கை மறு விசாரணைக்கு அனுப்பிவிட்டார்.

பெரியவரும் முன்பு ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தபோது "இதெல்லாம் போகுமா தம்பி?" என்று கேட்டார். "போனா போகும் சார்" என்றேன். அது பொய் இல்லை. அது ஓர் உத்தி என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் அது வெறும் வியாபாரப் பேச்சு. ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால்?

பேனாவுக்கு வாய் திறக்காதவன் லென்ஸுக்கு மட்டும் ஏன் திறந்தேன்? தொகை பெரியது என்பதைத் தவிர வேறு காரணம் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு கோடு வைத்திருக்கிறேன் போல. அதற்குக் கீழே என் திறமை, மேலே அவர் சொத்து. கோட்டை யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை, மரியாதைக்காக விட்டிருப்பார். லென்ஸைப் பற்றியும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பழைய பேனாக்களைப் பற்றி அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது. இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. நிச்சயம் 'பேசாமல் இருந்திருக்கலாம்' என்பதல்ல. அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் விரும்புகிறேன்.

லென்ஸ் எனக்கு வரவில்லை. அவர் மகன் அதை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். விற்று முடிந்த விலையை விட்டுவிட்டு, யாரோ ஆசைப்பட்டுக் கேட்டுவைத்திருக்கும் உச்ச விலையைப் போட்டிருந்தார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். விவரத்தில் புகையைப் பற்றி ஒரு சொல் இல்லை. அப்பாவிடம் சொன்னது மகனுக்குப் போகவில்லையோ, போயும் எழுதவில்லையோ.

என்னிடம் வழக்கமாக வாங்கும் ஒருவர் அந்த லிங்க்கை அனுப்பி, "இது எப்படி, எடுக்கலாமா?" என்று கேட்டார். நான் அந்த லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தவன் என்பது அவருக்குத் தெரியாது. "பின்பக்கம் டார்ச் அடித்த படம் கேளுங்கள், புகை இருக்க வாய்ப்புண்டு" என்று எழுதினேன். கேட்டவருக்கு உள்ளதைச் சொன்னேன், அவ்வளவுதான். அந்தப் படம் வெளியே வந்தால் விலை இறங்கும், இறங்கினால் எனக்கும் எட்டும் என்பது அனுப்பிய பிறகு தோன்றியதா, அதற்கு முன்பேயா என்று சொல்ல முடியவில்லை. லிஸ்டிங் இன்னும் இருக்கிறது, தினமும் போய்ப் பார்க்கிறேன்.