நான்கு நாள் கடந்த சான்றும் பூட்டிய பதிவேடுகளும்

சங்கப் பதிவுச் சான்று மூன்று மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். என்னுடையது எடுத்து மூன்று மாதமும் நான்கு நாளும் ஆகியிருந்தது. அந்த நான்கு நாளுக்காக ஆறு மணி நேரம் ரயிலில் போய், வெறுங்கையோடு ஆறு மணி நேரம் திரும்பி வந்தேன். மனம் இன்னும் ஆறவில்லை. ஒரு நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் யார் என்று தோண்டும் இந்த வேலையில் இறங்கப்போகும் வேறு யாராவது அந்த ரயிலில் ஏறாமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பெர்லினில் நாங்கள் நான்கு பேர் ஒரு சிறு சங்கம் வைத்திருக்கிறோம். பகலில் ஆளுக்கொரு வேலை. இரவில் பொதுப்பணம் போன வழியைத் தோண்டுவோம். ஜெர்மனியில் ஒரு சிறு நகரம் ஐரோப்பிய ஒன்றிய நிதியில் தெருவிளக்குகளை மாற்றியது. டெண்டருக்கு வந்தது ஒரே நிறுவனம், அதற்கே வேலையும் கிடைத்தது. தெருவிளக்கு என்றதும் எங்களுக்குக் காது நிமிர்ந்ததற்குக் காரணம் உண்டு. ஹங்கேரியில் இதே மாதிரியான விளக்குத் திட்டங்களை ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகமான ஓலாஃப் விசாரித்து, கடுமையான முறைகேடுகள் நடந்திருப்பதாக 2018 தொடக்கத்தில் சொன்னது. டெண்டரைத் தயாரித்தவர்களுக்கும் வென்றவர்களுக்கும் தொடர்பு இருந்தது என்பது அதில் முக்கியமான புள்ளி. அந்நாட்டுப் போலீஸ் அதே ஆண்டு நவம்பரில் குற்றம் எதுவும் இல்லை என்று கோப்பை மூடிவிட்டது.

டெண்டர் அறிவிப்பை எடுப்பது சுலபம். ஒன்றியத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதற்குப் பிறகுதான் தலைவலி. விளக்குகளின் தொழில்நுட்ப விவரக்குறிப்பை எழுதிக்கொடுத்த ஆலோசனை நிறுவனம் எது? வென்ற நிறுவனத்தின் பின்னால் உண்மையில் இருப்பவர் யார்? இந்த இரண்டு கேள்விகளுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று.

முதல் தவறு என்னுடையதே. மதுரையில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டுப் பழகிய தைரியத்தில், ஜெர்மனியில் 2006இல் நடைமுறைக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தைக் குறிப்பிட்டு அந்த நகர நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது: நீங்கள் குறிப்பிட்ட சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது. அவர்கள் சொன்னது சரிதான். அது மத்திய அரசின் அலுவலகங்களுக்கான சட்டம். நகராட்சிகளுக்கு அந்தந்த மாநிலச் சட்டம். பவேரியா போன்ற மாநிலத்தில் அப்படி ஒரு சட்டமே கிடையாது. எந்த அலுவலகம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று பார்க்காமல் ஜெர்மனியில் ஒரு தபால்தலையைக்கூட ஒட்டாதீர்கள்.

சரியான சட்டத்தைப் போட்டு இரண்டாவது கடிதம் எழுதினேன். இந்த முறை கட்டணம் 380 யூரோ வரை வரலாம் என்று பதில். நான்கு பேர் சங்கத்துக்கு அது நான்கு மாதச் செலவு. கேள்வியைச் சுருக்கி, ஆலோசனை நிறுவனத்தின் பில்லை மட்டும் கேட்டதும் கட்டணம் 60 யூரோவுக்கு இறங்கியது. அன்றிலிருந்து எந்த மனுவிலும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன்: கட்டணம் இவ்வளவைத் தாண்டுமானால் வேலையைத் தொடங்கும் முன் எனக்குத் தெரிவியுங்கள். வந்த காகிதக் கட்டில் 38 பக்கங்கள், அவற்றில் 31 முழுக் கறுப்பு. எங்கள் கடிதத்தின் நகலில் எங்கள் சங்கத்தின் பெயரைக்கூடக் கறுப்படித்திருந்தார்கள். ஆனால் கறுப்படித்தவருக்குக் கை சலித்துவிட்டதோ என்னவோ, ஒரு பக்கத்தின் அடியில் லெட்டர் பேடின் கடைசி வரி தப்பியிருந்தது. ஆலோசனை நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் அந்த வரியில் இருந்தன.

இனி இரண்டாவது கேள்வி. நம் ஊரில் பினாமி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஐரோப்பாவில் அதற்கென்று தனிப் பதிவேடு இருக்கிறது: நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர் பதிவேடு. 2018ஆம் ஆண்டின் பணச்சலவைத் தடுப்பு உத்தரவு அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடச் சொன்னது. 2022 நவம்பர் 22 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது தனியுரிமைக்கு எதிரானது என்று அந்தப் பகுதியைச் செல்லாததாக்கியது. லக்ஸம்பர்க் அன்றே தன் தளத்தை மூடியது; வேறு பல நாடுகளும் மூடின. பத்திரிகையாளர்களுக்கும் ஊழலை எதிர்க்கும் அமைப்புகளுக்கும் பார்க்க நியாயமான காரணம் உண்டு என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அந்தக் காரணத்தை நிரூபிக்கத்தான் நான் ரயில் ஏறினேன்.

விளக்கு நிறுவனம் பதிவான நாடு எது என்று சொல்லவில்லை. அங்கே இணையத்தில் விண்ணப்பிக்க அந்நாட்டு மின் அடையாள அட்டை வேண்டும். இல்லாதவர்கள் நேரில் போக வேண்டும். ஜனவரி மாதம், பனி, ரயில் தாமதம். அலுவலகத்தை அடைந்தபோது மணி 11.40, பன்னிரண்டுக்குக் கதவு மூடும். டோக்கன் எடுத்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் என் சான்றை வாங்கி, தேதியில் விரலை வைத்து, மாதங்களை முணுமுணுத்து எண்ணினார். மூன்று. பிறகு நாட்களை எண்ணினார். நான்கு.

"இது காலாவதி" என்றார்.

சங்கம் நேற்று வரை உயிரோடுதான் இருக்கிறது, இன்றும் இருக்கிறது என்றேன். அவர் அடுத்த தாளுக்குப் போய்விட்டார். அங்கே இன்னொரு பள்ளம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலி. அப்பா பெயரும் என் பெயரும் சேர்ந்தே இருக்கின்றன. சங்கப் பதிவில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டிருக்கிறார்கள்.

"இதில் உங்கள் குடும்பப் பெயர் எது?"

"எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இது என் அப்பாவின் பெயர்."

"அப்படியானால் சங்கத்தின் செயலாளர் உங்கள் அப்பாவா?"

நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அடித்தது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. கதவைச் சாத்தும் முன் ஒரு மஞ்சள் சீட்டில் தேவையானவற்றை எழுதிக்கொடுத்தார்: புதிய சான்று, அதற்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஆவணத்தைச் செல்லுபடியாக்கும்) முத்திரை, நீதிமன்றம் அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு, பெயர் வேறுபாட்டுக்கு நோட்டரி உறுதிமொழி. இதில் ஒன்றுகூட அவர்களுடைய இணையதளத்தில் இல்லை. புறப்படும் முன் மின்னஞ்சலில் பட்டியல் கேட்டு, பதிலை அச்சடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப் பெயர் உள்ளவர்கள் அந்த நோட்டரி உறுதிமொழியை இப்போதே எடுத்து வைத்துவிடலாம். என்றைக்காவது ஒருநாள் தேவைப்படும்.

நேர்மாறான அனுபவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆலோசனை நிறுவனம் ஸ்வீடனில் ஒரு நகராட்சிக்கும் வேலை செய்திருந்தது. ஒப்பந்த நகலைக் கேட்டு ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். பழக்கதோஷத்தில் பாஸ்போர்ட் நகலையும் இணைத்துவிட்டேன். மறுநாள் மதியமே ஒப்பந்தம் வந்தது. ஸ்வீடனில் இந்த உரிமை 1766இலிருந்து இருக்கிறது. நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி விசாரிக்கவே கூடாது. கூடவே ஒரு குறிப்பு: "எங்களுக்கு வரும் காகிதங்களும் பொது ஆவணங்களே. உங்கள் பாஸ்போர்ட் நகல் தேவைப்படவில்லை; இனி அனுப்ப வேண்டாம்." ஒளிவுமறைவற்ற நாட்டில் நாமும் ஒளிய முடியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது ஸ்லோவாக்கியாவில். எங்கள் குழுவில் ஒருத்தி பிராட்டிஸ்லாவாக்காரி. மஞ்சள் சீட்டை வைத்துக்கொண்டு நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, "அந்த நிறுவனம் எங்கள் நாட்டு அரசிடம் எதுவும் விற்றிருக்கிறதா என்று பார்த்தாயா?" என்றாள். அங்கே 2017 பிப்ரவரியிலிருந்து, குறிப்பிட்ட தொகைக்கு மேல் பொதுப்பணம் பெறும் நிறுவனம் தன் உண்மையான உரிமையாளரைப் பதிவு செய்தாக வேண்டும். ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு லட்சம் யூரோ என்பது வரம்பு. வழக்கறிஞரோ தணிக்கையாளரோ சரிபார்த்து எழுதிய ஆவணமும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. செக் பிரதமராக இருந்த ஆந்த்ரேய் பாபிஷ், தன் அக்ரோஃபெர்ட் நிறுவனத்தை அறக்கட்டளைகளிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதன் உரிமையாளர் பட்டியலில் அவர் பெயர் இருப்பதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான டிரான்ஸ்பரன்ஸி இன்டர்நேஷனலின் செக் கிளை 2018இல் கண்டெடுத்தது இதே ஸ்லோவாக் பதிவேட்டில்தான். சொந்த நாட்டில் கிடைக்காதது பக்கத்து நாட்டில் கிடந்தது.

எங்களுக்கு இருபது நிமிடம் ஆயிற்று, தேநீர் போட்ட நேரத்தையும் சேர்த்து. விளக்கு நிறுவனம் அங்கே ஒரு மருத்துவமனைக்கு எதையோ விற்றிருந்தது. சரிபார்ப்பு ஆவணத்தின் நான்காம் பக்கத்தில் இரண்டு பெயர்கள், பிறந்த தேதியும் முகவரியும் சேர்த்து. இரண்டாவது பெயர் ஆலோசனை நிறுவனத்தின் இயக்குநருடையது. அவசரப்பட்டுக் குதிக்கவில்லை, ஒரே பெயரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஸ்வீடன் ஒப்பந்தத்தோடு வந்த அந்த இயக்குநரின் தன்விவரக் குறிப்பில் பிறந்த தேதி இருந்தது. பொருந்தியது. அதற்குப் பிறகு தோழி சமையலறையில் ஒரு சுற்று ஆடினாள்.

இரு தரப்புக்கும் கேள்விகள் அனுப்பினோம். பதிலாக வந்தது வக்கீல் நோட்டீஸ்: மூன்று பக்கம், ஏழு நாள் கெடு. பயந்தோம், மறைப்பானேன். மால்டாவில் பத்திரிகையாளர் டாஃப்னி கருவானா கலிட்ஸியா 2017இல் குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டபோது அவர் மீது நாற்பதுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. வாயடைக்கும் வழக்குகளுக்கு எதிராக 2024இல் ஒன்றியம் கொண்டுவந்த உத்தரவை அவர் பெயராலேயே குறிப்பிடுகிறார்கள். எங்கள் வழக்கறிஞர் அதைச் சுட்டிக்காட்டி இரண்டு வரி எழுதினார். மறுதரப்பு அதன் பிறகு பேசவில்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: 'ஊழல்' என்ற சொல்லை எந்தக் கடிதத்திலும் போடாதீர்கள். இந்தத் தேதி, இந்த ஆவணம், இந்தப் பெயர் என்று எழுதினால் போதும்.

ஒன்றிய நிதி என்பதால், 2021 ஜூனில் செயல்படத் தொடங்கிய ஐரோப்பிய அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு இணையம் வழியாகப் புகார் கொடுத்தோம். பதிவு எண் வந்திருக்கிறது. விசாரணை தொடங்குமா என்பது இனி அவர்கள் கையில்.

போன வாரம் அந்த மஞ்சள் சீட்டு அலுவலகத்திலிருந்து உறை வந்தது. சீட்டில் கேட்டவை அனைத்தையும் தபாலில் அனுப்பி ஐந்து மாதம் ஆகிறது. அனுமதி கொடுத்திருக்கிறார்கள், என் அப்பாவின் பெயருக்கு. தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பாஸ்போர்ட் எடுத்ததே இல்லை. தொலைபேசியில் சொன்னதும் வெகுநேரம் சிரித்தார். பிறகு குரல் மாறி, "முத்திரை விழுந்திருக்கிறதா, பார்" என்றார்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். இல்லை.