ஒல்லியா இருந்தா சுகர் வராதா, யாரு சொன்னா?

எங்க சித்தப்பா வெயிட்டு அறுபதத் தாண்டாது, கை கால் எல்லாம் குச்சி, தொந்தி மட்டும் சட்டை பட்டன பிச்சுக்கிட்டு நிக்கும். சுகர்னு ரிப்போர்ட் வந்ததும் "குண்டா இருக்கவனுக்குத்தானப்பா வரும், லேப்ல மாத்திக் குடுத்துட்டாய்ங்களா"ன்னு ஒரே சண்டை. சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்குறவங்கள பாருங்க, பாதிப் பேருக்கு இதே உடம்புதான்.

2004ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகையில ஒரு போட்டோ வந்துச்சு, புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யட்கினும் பக்கத்துல பக்கத்துல நிப்பாங்க, ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எவ்வளவு வெயிட்டுங்கிற கணக்கு, 22.3, ஆனா கொழுப்பு வெள்ளக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மாளுக்கு 21.2. அதனாலதான் நமக்கு வெயிட் மெஷின விட டேப் முக்கியம், இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா உஷாராயிக்கணும்.

கொழுப்பு சும்மா கெடக்குற சதை இல்லங்க, அது ஹார்மோன் சுரக்குது, 1994ல கண்டுபிடிச்ச லெப்டின் அதுல ஒண்ணு. தோலுக்கு அடியில இருக்க கொழுப்பு பெருசா தொந்தரவு பண்றதில்ல, பிரச்சனையே அங்க எடம் பத்தாமப் போறப்பதான், கல்யாண வீட்ல ஸ்டோர் ரூம் நெறஞ்சா மூட்டைய அடுப்படியில எறக்குவாங்கள்ல, அந்த மாதிரி மிச்சக் கொழுப்பு குடலச் சுத்தி, ஈரல்ல, தசையிலன்னு போயி உக்காந்துக்கும், அப்புறம் இன்சுலின் என்ன சொன்னாலும் ஈரல் கேக்காது, அதுபாட்டுக்கு சர்க்கரைய ரத்தத்துல விட்டுக்கிட்டே இருக்கும். குண்டான பொம்பளைங்களுக்கு வயித்துத் தோலுக்கடியில இருந்து கிட்டத்தட்ட 10 கிலோ கொழுப்ப உறிஞ்சி எடுத்துப் பாத்தாங்க, 2004லயேதான், இன்சுலின் வேலை செய்யுறது துளிகூட மாறல. லைப்போசக்சனுக்கு லட்சக்கணக்குல செலவழிக்கிறவங்க இதப் படிக்கணும்.

ஆனா சாப்பாட்டக் கொறச்சு எளைச்சா உள்ள இருக்கதும் கரையுது. இங்கிலாந்துல ராய் டெய்லர் குழு, பெருசா குண்டில்லாத 20 சுகர்காரங்கள டாக்டர் கண்காணிப்புல எளைக்க வச்சாங்க, 14 பேருக்கு மாத்திரை இல்லாமலே சுகர் கட்டுக்குள்ள வந்துருச்சு.

பியோகிளிட்டசோன்னு ஒரு சுகர் மாத்திரை, அதோட கதைதான் வேடிக்கை. வெயிட்டு ஏறும், சுகர் எறங்கும்! தோலுக்கடியில புதுசா கொழுப்பு செல்ல உண்டாக்கி ஈரல்ல கெடக்குறத அங்க இழுத்துரும். வெயிட்டு போடுதேன்னு சிலர் தானா நிறுத்திடுறாங்க, அது வேணாம், ஆனா கால் வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ ஒடனே டாக்டர்ட்ட போயிருங்க, ஹார்ட் பெயிலியர் உள்ளவங்களுக்கு இத எழுதவே மாட்டாங்க.