ஏழாவது தட்டு

மார்ச் 3

ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியில் இசையமைக்கும் முயற்சியை இன்று தொடங்கினேன். பால் ஹூடாக் உருவாக்கிய யூட்டர்பியா என்ற நிரல் நூலகத்தில் ஒற்றை ஸ்வரமும் ஒரு மதிப்பு, முழு இசைத்துண்டும் ஒரு மதிப்பு; இரண்டை அடுத்தடுத்து வைக்க ஒரு குறி, சேர்ந்து ஒலிக்க வைக்க இன்னொன்று. ஒரு வரியைக் கடைசியிலிருந்து முதலுக்குத் திருப்பும் சார்பையும், ஸ்வரத்தின் உயரத்தைக் குறிக்கும் மிடி எண்ணோடு 7 கூட்டும் சார்பையும் கோத்தேன். 60இல் முடிந்த வரி 67இல் தொடங்கித் திரும்பி வந்தது. மூலவரி சிதையாமல் அப்படியே இருந்தது.

மார்ச் 8

தாளத்துக்கு மட்டும் நானே நிரல் எழுதினேன். சுழியத்திலிருந்து ஆறில் ஒரு பங்காகக் கூடிக்கொண்டே போகும் முடிவிலாப் பட்டியல் ஒன்று. கேட்டாலன்றி ஹாஸ்கெல் எதையும் கணக்கிடாது என்பதால் முடிவின்மை சிக்கலில்லை. அதில் ஒன்றுக்குக் குறைவானவற்றை எடுத்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு ஆறு தட்டுகள். ஒலித்தபோது ஒவ்வோர் ஆவர்த்தனத்தின் தலைத்தட்டும் ஓங்கி விழுந்தது. நானே அழுத்தம் கொடுத்ததுபோல் அழகாக இருந்ததால், வெட்கத்தோடு சொல்கிறேன், ஒரு மணி நேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 9

முதல் ஆவர்த்தனத்தின் தலைத்தட்டு மட்டும் மெலிந்திருப்பதைக் காலையில்தான் கவனித்தேன். பட்டியலை அச்சிட்டுப் பார்த்தால் ஏழு எண்கள், ஏழாவது 0.9999999999999999. கால்பங்கை இரும எண்ணில் துல்லியமாக எழுதலாம், ஆறில் ஒரு பங்கை எழுத முடியாது. அந்தப் பிசகு கூடிக்கூடி, அடுத்த ஆவர்த்தனத்துக்குரிய தட்டு இந்த ஆவர்த்தனத்திலும் நுழைந்து, ஒரே ஒலி இருமுறை ஒலித்திருக்கிறது. தசமங்களைக் கைவிட்டுக் காலத்தை விகித எண்ணாக, அதாவது பின்னமாகவே, மாற்றியதும் சரியாயிற்று. அலெக்ஸ் மெக்லீனின் டைடல்சைக்கிள்ஸ் என்ற இசை நிரல் கருவியும் காலத்தை அப்படித்தான் வைத்திருக்கிறது. இழந்த அழுத்தம் பிடித்திருந்ததால், தலைத்தட்டின் ஒலியளவை உயர்த்தும் தனிச் சார்பொன்றை எழுதிச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 14

ஸ்வரங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனால் தூய சார்பு ஒரே உள்ளீட்டுக்கு ஒரே விடையைத்தான் தரும். அதற்குள் பகடை உருட்ட இடமில்லை. ஆகவே தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் விதை எண்ணை வெளியிலிருந்து கொடுத்து, ஒவ்வொரு தேர்விலும் கிடைக்கும் புதிய நிலையை அடுத்த தேர்வுக்குக் கைமாற்ற வேண்டியிருக்கிறது. எழுதுவதற்குச் சலிப்பான வேலைதான். ஆயினும் நேற்றிரவு கேட்டு மயங்கிய துண்டு, அதே விதையைக் கொடுத்ததும் இன்று காலை ஸ்வரம் பிசகாமல் திரும்ப வந்தது. இனி விதை எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்.