உட்கார்ந்து வேலை பார்க்க ஆசைப்பட்டேன்

ஆனியில் ஆரம்பித்த அலைச்சல் மாசியில்தான் முடிந்தது. அதுவும் முக்கால்வாசிதான். மதுரை வில்லாபுரத்தில் ஒரு வீட்டின் முன்னறையை வாடகைக்குப் பிடித்து இட்லிப் பொடி, பருப்புப் பொடி போட ஆரம்பித்திருக்கிறேன். இந்த எட்டு மாதமும் போன இடமெல்லாம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏம்மா, நாற்பத்தி மூணு வயசுல எதுக்குத் திடீர்னு தொழில்?"

குடும்ப வருமானம், நாலு பேருக்கு வேலை என்று விண்ணப்பத்தில் எழுதினேன். அப்படித்தான் எழுத வேண்டுமாம். உண்மையான காரணம் வேறு. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் 11 வருடம் சேலைப் பிரிவில் நின்றேன். காலை ஒன்பதரைக்கு மாடி ஏறினால் இரவு ஒன்பது வரை நின்றபடிதான். 2021ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. எங்கள் தளத்துக்கும் மூன்று ஸ்டூல் வந்தன. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் கண்ணாலேயே எழுப்பிவிடுவார். கொஞ்ச நாளில் மூன்று ஸ்டூல் மேலும் ரவிக்கைத் துணிக் கட்டுகள் ஏறிவிட்டன. கால் நரம்பு சுருட்டிக்கொண்டு ராத்திரித் தூக்கம் போனபோது முடிவெடுத்தேன், இனி உட்கார்ந்துதான் சம்பாதிப்பது என்று. முதலாளி ஆகும் ஆசையெல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டது.

சிறுதொழில்களுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவிலேயே முதல் அடி விழுந்தது. பிரவுசிங் சென்டர் தம்பி தேடியதும் முதலில் வந்த தளம் அரசுத் தளம் மாதிரியே இருந்தது. 2,499 ரூபாய் கட்டினேன். பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது, அந்தப் பதிவுக்குக் காசே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஓடிபி போட்டு நாமே முடித்துவிடலாம். தளத்தின் முகவரியில் 'ஜிஓவி டாட் இன்' இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் காசு கட்டாதீர்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு வருடத்துக்கு 100 ரூபாயில் சத்தமில்லாமல் முடிந்தது.

கடனுக்கு பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் போட்டேன். அரவை மெஷின், வறுக்கும் டிரம், கவர் ஒட்டும் மெஷின் எல்லாம் சேர்த்து 4,80,000 ரூபாய். நகரத்தில் பெண்களுக்கு 25 சதவீத மானியம், கைக்காசு 5 சதவீதம். அதாவது நான் போட வேண்டியது 24,000. கடையில் கணக்குத் தீர்த்துக் கொடுத்த காசு அதற்குச் சரியாகப் போயிற்று. ஒன்று சொல்லிவிடுகிறேன், மானியம் நம் கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியிலேயே கிடந்து, அப்புறம் கடனில்தான் கழியும். "மானியம் வாங்கித் தர்றேன், பத்து பர்சன்ட் குடுங்க" என்று ஒருவர் வீடு தேடி வந்தார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

வங்கியில் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தவர் கரண்ட் பில்லையும் கேட்டார். ஒப்பந்தம் போட்டது வீட்டுக்காரத் தம்பி, பில்லில் இருந்தது செத்துப்போன அவருடைய அப்பா பெயர். "ரெண்டும் ஒத்து வரலையே, போய் மாத்திட்டு வாங்க." போய் மாற்றுவது அவ்வளவு லேசா? இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடப் பிறந்தவர்களின் சம்மதம். வீட்டுக்காரத் தம்பிக்கு வேறு பயம்: "அக்கா, நீங்க கடன் கட்டலைன்னா என் வீட்டுல நோட்டீஸ் ஒட்டிருவாங்களா?" ஒட்ட மாட்டார்கள் என்று அவர் மனைவி, மாமியார், கடைசியாக மச்சான் வரைக்கும் உட்காரவைத்து விளக்கினேன். சாத்தூரில் இருக்கும் வீட்டுக்காரத் தம்பியின் தங்கச்சி தீபாவளிக்கு வந்தபோதுதான் கையெழுத்துக் கிடைத்தது. அதற்குள் மெஷினுக்குக் கோயம்புத்தூர் கம்பெனி கொடுத்த விலைக் கொட்டேஷன் காலாவதி. புதிதாக வாங்கினால் 6,000 ரூபாய் கூடியிருந்தது, அதுவும் என் தலையில். அட்வான்ஸ் கொடுக்கும் முன் கரண்ட் பில், வீட்டு வரி ரசீது இரண்டிலும் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அறை காற்றோட்டமாக இருக்கிறதா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாத் தாளும் சேர்ந்து ஐந்தாவது முறை போனேன். கடன் பிரிவு அதிகாரிக்கு என் அக்கா மகன் வயதுதான் இருக்கும். ஃபைலைத் திறக்காமலே, "உங்க கணவர் என்ன பண்றார்? அவர் பேர்ல பத்திரம் ஏதாவது இருக்கா?" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் எதிரே இருந்த நாற்காலியில் ஃபைல் கட்டு அடுக்கியிருந்தது. எனக்கு அந்த ரவிக்கைத் துணி ஸ்டூல்தான் ஞாபகம் வந்தது. இதற்குத்தானா வேலையை விட்டேன் என்று ஆகிவிட்டது.

நல்லவேளை, 10 லட்சம் வரையிலான சிறுதொழில் கடனுக்குச் சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று அப்போது ரிசர்வ் வங்கி சொல்லியிருந்ததை ஒரு தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். அதை மேசையில் வைத்து, "பத்திரம் இல்லாததால கடன் இல்லைன்னு எழுதி மட்டும் குடுத்துருங்க சார், நான் போயிடறேன்" என்றேன். சத்தம் போடவில்லை. சேலைக் கடையில் 11 வருடம் நின்றவளுக்குச் சிரித்த முகமாகப் பேசத் தெரியாதா? அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எழுந்து ஃபைல்களைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, "உட்காருங்கம்மா" என்றார். 19 நாளில் கடன் ஒப்புதல் வந்தது.

மெஷினும் வந்துவிட்டது, ஆனால் இன்னும் சாக்குப் போர்த்தித்தான் கிடக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பு வேண்டும். பில்லில் பெயர் மாறிய பிறகுதான் அதற்கு மனுவே போட முடிந்தது. வீட்டு இணைப்பில் ஓட்டினால் அபராதம். அதனால் கீழமாசி வீதியில் உளுந்து, மிளகாய் வாங்கி, இங்கே வறுத்து ஆறவைத்து, பக்கத்துத் தெரு மாவு மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். மில்லில் யாராவது மல்லித்தூள் அரைத்த பிறகு போட்டால் இட்லிப் பொடியில் குழம்பு வாசம் ஏறிவிடும். அதனால் காலை ஆறரைக்கே முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். அந்த மில்லில் உட்கார இடம் கிடையாது.