கடிதம் இல்லாமல் வந்தவர்கள்

இலங்கையின் மலையகத்தில் அனுரகுமார திசாநாயக்கவுக்கு வாக்களித்தவர்களை விட, வாக்களித்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள்தான் அதிகம். கேலியாகச் சொல்லவில்லை. 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்தில் முதலிடம் சஜித் பிரேமதாசவுக்கு. அடுத்தது ரணில் விக்கிரமசிங்க. நாட்டில் வென்ற அனுர இங்கே மூன்றாவதுதான். ஆனால் அடுத்த கிழமை எங்கள் பிரதேச செயலகத்துக்கு வந்தவர்களைக் கேட்டால், "நம்ம ஆளு வந்துட்டாரு மிஸ்" என்றார்கள். வாக்கை எங்கே போட்டிருந்தாலும், வெற்றியில் பங்கு கேட்க அவர்களுக்குக் கூச்சமே இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் அங்கே அபிவிருத்தி உத்தியோகத்தர். பதவியின் பெயர் பெரிது. வேலை பெரும்பாலும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்வதைக் கேட்டுப் படிவத்தில் எழுதுவது. தேர்தல் வந்தால் எங்களையும் கடமைக்குப் போடுவார்கள். அந்த முறை எனக்குக் கிடைத்தது ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலை. முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர் அச்சிட்ட நீண்ட வாக்குச்சீட்டு. அதை எப்படி மடித்துப் பெட்டிக்குள் போடுவது என்று கைத்தடி ஊன்றிய பாட்டிமார் திணறியதைத் தவிர அங்கே வேறு கலவரம் எதுவும் இல்லை. எல்லா இடமும் அமைதிதான். அப்படியிருந்தும் அன்றிரவு பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். 2022 மக்கள் போராட்டத்தில் பட்ட பயம் அரசாங்கத்துக்கு இன்னும் தெளியவில்லை போல.

முதல் எண்ணிக்கையில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. அனுரவுக்கு 42.31 சதவீதம். 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்த நாள் முதல் ஒருமுறையும் தேவைப்படாத இரண்டாம் விருப்பு எண்ணிக்கை அப்போதுதான் தேவைப்பட்டது. 2019இல் இதே ஆளுக்கு 3 சதவீதச் சொச்சம்தான். தம்புத்தேகமப் பக்கம் கூலி வேலை செய்தவரின் மகன் 23ஆம் திகதி காலை பதவியேற்றதைத் தொலைபேசியில் பார்த்துவிட்டு வந்த கொழுந்து பறிக்கும் ஒரு பெண் என்னிடம் கேட்டது இதுதான்: "அவங்க அம்மா இன்னும் சாதாரண வீட்லதான் இருக்காங்களாமே மிஸ்?"

பிறகு ஏன் முதலில் வாக்குப் போடவில்லை? அதற்குப் பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மலையகக் கட்சிகளில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணில் பக்கம், தமிழ் முற்போக்குக் கூட்டணி சஜித் பக்கம். தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் எந்தச் சின்னத்தைக் காட்டுகிறாரோ அதற்குத்தான் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பாதிப் புள்ளடி. மீதிக்குக் காரணம் பயம். செயலகத்துக்கு எதிரே உள்ள தேநீர்க்கடையில் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலும் அவர் சிரிக்கவில்லை. "எழுபத்தொண்ணு கிளர்ச்சிக்கு முன்னாடி இவங்க கட்சியில அஞ்சு வகுப்பு எடுத்தாங்கம்மா. அதுல ஒண்ணு இந்திய விஸ்தரிப்புவாதம். அதுல நம்மளத்தான் இந்தியாவோட ஆளுங்கன்னு சொன்னாங்க" என்றார். அனுரவின் கட்சியான மக்கள் விடுதலை முன்னணியின் அந்த வகுப்பை அவர் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். 1948இல் குடியுரிமை போனது, பாதிச் சொந்தங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியது, 77, 83 கலவரங்கள் என்று எல்லாமே அவர் கணக்கில் இருந்தது. 2023 ஒக்டோபரில் அந்தக் கட்சி தலைமை தாங்கும் தேசிய மக்கள் சக்தி ஹட்டனில் மலையக மக்களுக்காக ஒரு பிரகடனம் வெளியிட்டதை நான் நினைவூட்டினேன். "பிரகடனம் யார்தான் வெளியிடல?" என்று பேப்பரைத் திருப்பினார்.

அவரை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. இருந்தும் என் மேசைக்கு முன்னால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு கூரைத் தகரம் வேண்டுமென்றாலும் ஒரு வழி இருக்கிறது. முதலில் தோட்டத் தலைவர். பிறகு சங்கக் காரியாலயம். அங்கிருந்து எம்.பி.யின் இணைப்புச் செயலாளர். கடைசியில் முகவரி அச்சடித்த தாளில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். கடிதத்தில் "ஆவன செய்யவும்" என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. ஆனால் அது இல்லாமல் வருபவர் கதவோரமாகவே நிற்பார். கூப்பிட்டால்தான் கதிரையில் உட்காருவார்.

அந்த ஒக்டோபரில் கடிதம் இல்லாமல் வரத் தொடங்கினார்கள். "யார் அனுப்பினாங்க?" என்பது எங்கள் அலுவலகத்தின் வழமையான முதல் கேள்வி. "யாரும் அனுப்பலைங்க மிஸ், நானாத்தான் வந்தேன்" என்று பதில் வந்தபோது பக்கத்து மேசைக்காரர் தலை நிமிர்ந்து பார்த்தார். ஒருவர் உட்கார்ந்தே பேசினார். இன்னொருவர் அஸ்வெசும என்ற அரச நலன்புரி உதவிப் பட்டியலில் தன் பெயர் ஏன் விழவில்லை என்பதற்கு எழுத்தில் காரணம் கேட்டார். சரி, கேட்க வேண்டியதுதானே. இத்தனை காலமும் கேட்காததுதான் அதிசயம்.

அவர்கள் கேட்டவை எதுவும் வானத்தை வளைக்கிற காரியமில்லை. லயத்துக்கு ஒரு முகவரி வேண்டும். கடிதமெல்லாம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய், நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு பிள்ளையின் கையில் கிடைக்கிறது. தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச்சஸ் காணித் துண்டுக்கு உறுதிப்பத்திரம் வேண்டும். சிங்களத்தில் மட்டும் வருகிற படிவம் தமிழிலும் வர வேண்டும். சம்பளத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கசப்போடு பேசினார்கள். மே தினத்தன்று கொட்டகலை மேடையில் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்று அப்போது ஜனாதிபதியாக இருந்த ரணில் அறிவித்தார், தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் போயின, தேர்தல் நேரத்தில் அது 1350இல் வந்து நின்றது. அந்த 1350உம் பறித்த கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். "தொகையைச் சொல்றவங்க யாரும் கிலோவைச் சொல்றதில்ல" என்று ஒரு அக்கா சொன்னார். இந்த நாட்டில் பலருக்குப் புரியாத கணக்கு அது.

மேசைக்கு இந்தப் பக்கம், உத்தியோகத்தர்களான எங்களிடத்திலும் தேர்தலுக்கு ஒரு எதிரொலி இருந்தது. சில வாரங்கள் காலை எட்டரைக்கே எல்லாக் கதிரைகளும் நிரம்பியிருந்தன. யாராவது திடீரென்று வந்து பார்ப்பார்கள் என்ற வதந்திதான் காரணம். யாரும் வரவில்லை. அப்புறம் மழை தொடங்கியது, பஸ்களும் பிந்தின, நாங்களும் பிந்தினோம்.

நவம்பர் 14 பொதுத் தேர்தலில் கதை மாறியது. தேசிய மக்கள் சக்தி நாட்டில் 159 ஆசனங்களைப் பிடித்தது. நுவரெலியாவிலும் எட்டில் ஐந்து. இங்கிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல் என்று மலையகப் பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் வேலை செய்யும் பையன்கள் தீபாவளிக்கு வந்து வீட்டில் பேசியதற்கு அதில் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. கணக்கப்பிள்ளை ஐயா மட்டும், "போட்டேன். யாருக்குன்னு சொல்லமாட்டேன்" என்றார்.

அந்த நாட்களில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒரு பாட்டி அடிக்கடி வருவார். ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதிப் பணம் பல வருடங்களாகச் சிக்கிக் கிடக்கிறது. அடையாள அட்டையில் ஒரு பெயர், நிதி அட்டையில் வேறு பெயர். அந்தக் காலத்தில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். பேரன் அப்பியாசக் கொப்பித் தாளில் ஜனாதிபதிக்கே நேராக எழுதிப் போட்டுவிட்டான். அது கொழும்பில் பதிவாகி, மாவட்டச் செயலகம் வழியாக, "பொருத்தமான நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு கடைசியில் என் மேசைக்கே வந்து சேர்ந்தது. பாட்டியைக் கூப்பிட்டு அனுப்பினேன். தன் பேரன் எழுதிய தாளில் இத்தனை முத்திரையா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவரு பாத்துட்டாரா மிஸ்?"

"அவருடைய காரியாலயத்தில் பார்த்திருக்கிறார்கள்" என்றேன். இரண்டு பெயரும் ஒருவரே என்று சத்தியக் கடதாசி முடித்து, அடையாள அட்டையின் பிரதியோடு வந்தால் தொழில் திணைக்களத்துக்கு நானே கடிதம் போடுகிறேன் என்று விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"புது எம்.பி. கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வரணுமா?"

"வேண்டாம் பாட்டி. சத்தியக் கடதாசி போதும்."

அடுத்த முறை சத்தியக் கடதாசி கொண்டு வந்தார். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரின் கடிதமும் இருந்தது. இரண்டையும் கோப்பில் வைத்துக்கொண்டேன்.