முதல் கல்யாண வாசிப்பு

நேற்று கிளாஸ்கோவில் ஒரு கல்யாணத்தில் முதல்முறையாகச் சம்பளத்துக்குப் பேக்பைப் வாசித்தேன். பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் ஸ்காட்லாந்துக் குழல் வாத்தியம் அது. இன்னும் கை நடுங்குகிறது!

கற்றுக்கொள்ளப் போன முதல் நாள் ஆசிரியர் பையைத் தொடவே விடவில்லை. பிராக்டிஸ் சான்டர் என்ற மெல்லிய குழலை மட்டும் தந்தார். பத்து மாதம் அதேதான். அந்தப் பத்து மாதத்துக்கு இன்று மனசார நன்றி சொல்கிறேன்.

பையில் காற்று இருக்கும்வரை இந்த வாத்தியம் நிற்காமல் ஒலிக்கும். நாக்கால் ஸ்வரத்தை வெட்ட முடியாது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. இருப்பது ஒன்பதே ஸ்வரங்கள். ஒரே ஸ்வரம் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டுமென்றால், நடுவே கண்ணிமைக்கும் நேரம் இன்னொரு விரலைத் தூக்கி இறக்க வேண்டும். கிரேஸ்நோட் என்பது அதுதான். உயிரே அதில்தான் இருக்கிறது. அது விரலில் ஏறாமல் பையைத் தூக்கினால் வெறும் இரைச்சல்.

அப்புறம், பீப்ராக் என்ற பழைய இசையை ஆசிரியர் ஒருநாள் வாயாலேயே பாடிக் காட்டினார். 'ஹிஹாரின்' என்று தொடங்கும் அசைகள். நோட்டேஷன் வருவதற்கு முன்பு அப்படித்தான் குரு சீடனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார். எனக்குச் சின்ன வயதில் கேட்ட மிருதங்கச் சொற்கட்டு ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது.

நேற்று வாசலில் நல்ல குளிர். தோளில் சாய்ந்திருந்த மூன்று டிரோன்களும், அதாவது விடாமல் சுருதி தரும் நீளக் குழல்களும், சுருதி விலகிக்கொண்டே இருந்தன. மணப்பெண் வண்டியை விட்டு இறங்குவதற்குச் சற்று முன்புதான் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தன. பையை அணைத்தபடி நடக்கத் தொடங்கினேன்.